மாடிக்குத் தனி டிபி: கணக்குப் போடுவதிலிருந்து சுவிட்ச் போடுவது வரை

"தம்பி, படிக்கட்டு லைட்டைப் போட்டாலே மாடி பூரா இருட்டாயிடுதுப்பா. வந்து என்னன்னு பாரு."

ஒரு மழைக்காலச் சாயங்காலம் அந்த அம்மா போனில் சொன்னது இது. போய்ப் பார்த்தேன். மாடியில் புது டிபி பாக்ஸ் (கரன்ட்டைப் பல லைனாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), நல்ல கம்பெனி எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் தானாக விழும், அதாவது அணையும் சுவிட்ச்), ஒரு வயர்கூட லூஸாக இல்லை. ஆனால் படிக்கட்டு லைட்டுக்கு ஃபேஸ் கீழ் வீட்டு டிபியிலிருந்து வருகிறது, நியூட்ரல் மாடி டிபிக்குப் போகிறது. வேலை செய்தவர் பக்கத்தில் கிடைத்த கறுப்பு வயரில் முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். பெட்டியில் உள்ள ஆர்சிசிபி, அதாவது கரன்ட் கசிவைப் பிடிக்கும் சுவிட்ச், செய்வது ஒரே வேலைதான்: ஃபேஸில் எவ்வளவு கரன்ட் போனதோ அவ்வளவும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கணக்கு 30 மில்லியாம்ப் இடித்தால் கட் செய்துவிடும். 9 வாட் எல்இடி பல்பு ஒன்று இழுப்பதே 40 மில்லியாம்புக்குக் குறையாது. மாடி ஆர்சிசிபி வழியாகப் போகாத கரன்ட் அதன் நியூட்ரலில் வந்து சேர்ந்ததும் அது விழுந்துவிட்டது. ஆர்சிசிபி மேல் ஒரு குற்றமும் இல்லை.

மெயின் டிபியிலிருந்து பிரியும் இப்படிப்பட்ட சப் டிபி என்றால் பெட்டி மாட்டும் வேலை என்றே நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெட்டி மாட்டுவது அரை நாள் வேலை. ஒவ்வொரு சர்க்யூட்டும் போன வழியிலேயே திரும்பி வருகிறதா என்று பார்ப்பதுதான் மீதி எல்லாம். இந்த வழிகாட்டி முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையை உரிமம் உள்ள வயர்மேன் அல்லது ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும், சட்டமும் அதுதான். மீட்டர் பக்கம் கை வைப்பது மின்வாரிய ஆட்களின் வேலை. வீட்டுக்காரர் நின்று மேற்பார்க்கவும், தொழில் பழகும் தம்பிகள் ஒழுங்காகப் பழகவும் இதை எழுதுகிறேன். மாடியை வாடகைக்கு விடப் போகிறீர்கள் என்றால் தனி மீட்டருக்கு விண்ணப்பியுங்கள். இங்கே நான் எடுத்துக்கொள்வது ஒரே குடும்பம், ஒரே மீட்டர், மேலே புதிதாகக் கட்டிய இரண்டு படுக்கையறை, ஹால், குளியலறை.

முதலில் கணக்கு

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் மாடியில் என்னென்ன ஓடும் என்று எழுதுங்கள். ஒன்றரை டன் ஏசி இரண்டு: ஒவ்வொன்றும் சுமார் 1.7 கிலோவாட், ஆக 3.4. குளியலறை கீசர் 2. அயர்ன் பாக்ஸ் 1. விளக்கு, மின்விசிறி, டிவி, சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்த்து 0.8. கூட்டினால் 7.2 கிலோவாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 31 ஆம்பியர். இரண்டு ஏசியும் கீசரும் அயர்ன் பாக்ஸும் ஒரே நேரத்தில் ஓடுவது அபூர்வம். அதனால் எழுபது சதவீதம் என்று வைத்தால் 22 ஆம்பியர். இருந்தாலும் நாளைக்கு ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வரும், வாஷிங் மெஷின் மேலே ஏறும். மாடிக்குப் போகும் மெயின் வயரை 32 ஆம்பியருக்குத் திட்டமிடுங்கள்.

அப்புறம் வயர். பைப்புக்குள் போகும் செம்பு வயர்களுக்கு நம் ஊரில் வழக்கமாகப் பார்க்கும் அளவு இது: 1.5 ஸ்கொயர் எம்எம் (வயருக்குள் இருக்கும் செம்பின் குறுக்களவு) 13 ஆம்பியர், 2.5 என்றால் 18, 4 என்றால் 24, 6 என்றால் 31, 10 என்றால் 42. வெயிலில் காயும் மொட்டைமாடிச் சுவருக்குள் பைப் போனால் இன்னும் குறையும். 32 ஆம்பியர் எம்சிபிக்கு 6 ஸ்கொயர் போதும் என்று சிலர் சொல்வார்கள். வயர் தாங்கும் அளவு 31, காவல்காரன் விடும் அளவு 32 என்றால் அந்தக் காவலுக்கு அர்த்தம் என்ன? 10 ஸ்கொயர் போடுங்கள். எம்சிபி வயரைக் காப்பாற்ற இருக்கிறது, ஏசியைக் காப்பாற்ற இல்லை. இதை மனதில் வைத்தால் எந்த எம்சிபிக்கு எந்த வயர் என்ற குழப்பமே வராது: ஓடும் கரன்ட்டைவிட எம்சிபி பெரிது, எம்சிபியைவிட வயர் பெரிது.

தடித்த வயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. கீழ் டிபியிலிருந்து மேல் டிபி வரை 20 மீட்டர், 25 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். 10 ஸ்கொயரில் வழியில் விழும் வோல்டேஜ் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல். 4 ஸ்கொயரில் ஐந்தரை வோல்ட். கோடை ராத்திரியில் தெருவுக்கே 200 வோல்ட் வரும்போது அந்த மூன்று வோல்ட் ஏசிக்குப் பெரிய விஷயம். விழுந்த வோல்டேஜ் அத்தனையும் சுவருக்குள் சூடாக மாறுகிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இத்தோடு முடியாது. மாடிக்கு 32 ஆம்பியர் கொடுக்க, கீழே அவ்வளவு இருக்கிறதா? இருபது வருஷத்துக்கு முந்தைய வீடுகளில் மீட்டரிலிருந்து மெயினுக்கு வரும் வயரே 4 ஸ்கொயர்தான் இருக்கும். அதில் இன்னொரு வீட்டைத் தொங்கவிட முடியாது. மின்வாரியத்தில் பதிவான லோடு எவ்வளவு என்று பாருங்கள். கூட்ட வேண்டியிருந்தால் கூட்டுங்கள், தேவைப்பட்டால் மூன்று ஃபேஸ் வாங்குங்கள். மூன்று ஃபேஸ் வந்துவிட்டால் ஒரு ஃபேஸை மாடிக்கு ஒதுக்கலாம். ஒரு ஃபேஸ் போனால் இன்னொன்றுக்கு மாற்றும் சுவிட்ச் பல வீடுகளில் வைத்திருக்கிறோம். அப்படிப்பட்ட சுவிட்ச் எல்லாவற்றையும் ஒரே ஃபேஸுக்குத் திருப்பி வைத்துவிட்டு, மெயின் வயர் சூடாகிறதே என்று கேட்பவர்களும் உண்டு. மாடியின் முழு லோடும் எந்த ஃபேஸில் ஏறினாலும் அந்த மெயின் வயர் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் அந்தச் சுவிட்ச்சை வைக்க வேண்டும்.

கீழே எங்கிருந்து எடுப்பது

இங்கேதான் பெரும்பாலான இடத்தில் யோசிக்காமல் செய்கிறார்கள். கீழ் டிபியில் காலியாக ஒரு எம்சிபி இடம் இருக்கும், அதிலிருந்து மேலே இழுத்துவிடுவார்கள். அந்த இடம் கீழ் வீட்டு ஆர்சிசிபிக்குப் பின்னால் இருக்கிறது. மேலே இன்னொரு 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி வைத்தாலும், மாடிக் கீசரில் எர்த் கசிந்தால் இரண்டில் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது. சில நேரம் இரண்டும் விழும். ஊருக்குப் போன நேரத்தில் கீழ் ஃப்ரிட்ஜ் மூன்று நாள் நின்று கிடக்கும்.

சரி, ஆர்சிசிபிக்கு முன்னாலேயே எடுத்தால்? மாடிக்கெனத் தனி 32 ஆம்பியர் இரண்டு போல் எம்சிபி (ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அணைப்பது) வைத்து, மெயின் சுவிட்ச்சிலிருந்து நேராக எடுக்கலாம். அப்போது கீழிருந்து மேலே போகும் அந்த 20 மீட்டர் வயருக்கு எர்த் பாதுகாப்பு யார்? எம்சிபி பார்த்துக்கொள்ளும் என்பார்கள். பார்க்காது. எர்த் குழியை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் குழியின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம், அது நல்ல குழி. ஃபேஸ் நேராக எர்த்தில் பட்டாலும் 230ஐ 5ஆல் வகுத்தால் 46 ஆம்பியர்தான் ஓடும். 32 ஆம்பியர் சி வகை எம்சிபி சட்டென்று விழ அதன் ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 160 முதல் 320 ஆம்பியர் வேண்டும். 46 ஆம்பியருக்கு அது விழ ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை வீட்டில் எர்த் தொட்ட இரும்பெல்லாம் ஷாக் அடிக்கும்.

அதனால் நான் செய்வது இதுதான். மெயினில் 100 மில்லியாம்ப், தாமதமாக விழும் எஸ் வகை ஆர்சிசிபி ஒன்று. அதற்குப் பின்னால் இரண்டாகப் பிரித்து, கீழ் வீட்டுக்கு ஒரு 30 மில்லியாம்ப், மாடி டிபியில் ஒரு 30 மில்லியாம்ப். மாடியில் கசிந்தால் மாடி மட்டும் விழும். நடுவில் உள்ள வயரில் கோளாறு வந்தால் எஸ் வகை பார்த்துக்கொள்ளும். கடையில் கேட்கும்போது "எஸ் டைப்" என்று சொல்லிக் கேளுங்கள். சாதாரண 100 மில்லியாம்ப் வாங்கினால் அது தாமதிக்காது, மாடியில் பெரிய கசிவு வந்தால் சேர்ந்தே விழும். ஆர்சிசிபிக்கு ஓவர்லோடு தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கு முன்னாலோ பின்னாலோ அதன் அளவுக்குள் ஒரு எம்சிபி இருந்தே ஆக வேண்டும். மாடியில் 40 ஆம்பியர் ஆர்சிசிபி, கீழே 32 எம்சிபி என்ற ஜோடி சரியாக இருக்கும்.

பெட்டிக்கு இடம்

படிக்கட்டு ஏறி உள்ளே வந்ததும் கண்ணுக்குத் தெரியும் உலர்ந்த சுவர்தான் நல்ல இடம். கண் உயரம். முன்னால் ஒரு ஆள் நிற்க இடம் வேண்டும். கதவைத் திறந்தால் மறையும் சுவர், பீரோ வரப் போகும் சுவர், சிங்க் மேல், கேஸ் அடுப்புப் பக்கம் எல்லாம் வேண்டாம். பூஜை அலமாரிக்குள் வைத்த டிபியையும் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் எரிகிற விளக்கு, மேலே எண்ணெய். மறுபக்கம் குளியலறை இருக்கும் சுவரையும் விட்டுவிடுங்கள். டைல்ஸ் இடுக்கில் இறங்கும் ஈரம் பெட்டியின் முதுகில்தான் வந்து நிற்கும்.

நாலரை இன்ச் சுவரில் பெட்டியைப் புதைத்தால் பின்னால் ஒரு இன்ச் செங்கல்தான் மிஞ்சும், மறுபக்கம் விரிசல் விடும். ஒன்பது இன்ச் சுவராகப் பாருங்கள், இல்லையென்றால் வெளியே தெரியும்படி மாட்டுகிற பெட்டி வாங்குங்கள். தூண், பீம், லிண்டல் மூன்றிலும் உளி படக் கூடாது. நாலரை இன்ச் சுவரில் படுக்கைவாட்டில் தடம் வெட்டவே கூடாது, மேலிருந்து கீழாக மட்டும்தான்.

பெட்டி அளவு: மேலே சொன்ன வீட்டுக்கு 8 வழி போதும், நீங்கள் 12 வழி வாங்குங்கள். சில கம்பெனி மெயின் சுவிட்ச்சுக்கான இரண்டு இடத்தையும் சேர்த்து எண்ணும், சில கம்பெனி சேர்க்காமல் எண்ணும். கடைக்காரரிடம் திறந்து காட்டச் சொல்லி எண்ணிப் பார்த்து வாங்குங்கள். இரட்டைக் கதவு, இரும்புப் பெட்டி, உள்ளே நியூட்ரல் லிங்க்கும் எர்த் லிங்க்கும் (வயர்கள் வந்து சேரும் உலோகப் பட்டைகள்) தனித்தனியாக இருக்க வேண்டும். நியூட்ரல் லிங்க் இரண்டு இருந்தால் இன்னும் நல்லது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பைப் போகும் வழி

கட்டும்போதே யோசித்திருந்தால் ஸ்லாப்பில் பைப் இருக்கும். இல்லாத வீட்டில் நல்ல வழி படிக்கட்டுச் சுவர். கீழ் டிபியிலிருந்து நேர் மேலே ஏறி, படிக்கட்டுத் திறப்பு வழியாக மாடிக்குப் போய்விட்டால் ஸ்லாப்பைத் துளைக்கவே வேண்டாம். துளைத்தே ஆக வேண்டுமென்றால் சுவர் ஓரமாக, கோர் கட்டிங் மெஷினால், கம்பி எங்கே என்று பார்த்துத் துளைக்க வேண்டும். சுத்தியலும் உளியும் வைத்து ஸ்லாப்பை உடைக்க விடாதீர்கள்.

மூன்று 10 ஸ்கொயர் வயருக்கு 25 மி.மீ. பைப் வேண்டும். 20 மி.மீ. பைப்பில் அவை நுழையும், ஆனால் நெரிசலாக, சூடு போக இடமில்லாமல் கிடக்கும். பைப்பின் உள்வாயில் நாற்பது சதவீதத்துக்கு மேல் வயர் நிறையக் கூடாது என்பது கணக்கு. அதோடு காலியாக இன்னொரு 25 மி.மீ. பைப்பும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். அன்றைக்குச் சில நூறு ரூபாய் செலவு, நாளைக்கு சோலார் வயரோ இன்வெர்ட்டர் வயரோ வரும்போது சுவரை மறுபடி உடைக்க வேண்டாம்.

வளைவுக்கு எல்போ (சட்டென்று திரும்பும் மூலைத் துண்டு) போடாதீர்கள். உள்ளே ஸ்பிரிங் விட்டு பைப்பையே வளைக்கலாம், அல்லது நீளமான பெண்ட் வாங்கலாம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு பெண்டுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்துவிடுங்கள். அந்தப் பாக்ஸ் மூடி பூச்சுக்குள் மறையக் கூடாது. பைப்பை எப்போதும் நேர் மேலாகவோ நேர் பக்கவாட்டிலோ ஓட்டுங்கள். குறுக்காக ஓட்டினால் தூரம் மிச்சம், வயரும் மிச்சம். பத்து வருஷம் கழித்து யாரோ படம் மாட்ட ஆணி அடிக்கும்போது அந்த மிச்சம் அவர் கையில் ஷாக்காக வரும்.

மொட்டைமாடிக்கு ஒரு பைப் திறந்திருந்தால் அதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வாய் வழியே தண்ணீர் இறங்கி நேராக டிபிக்குள் சொட்டிய வீடுகள் நிறைய. வெளியே வரும் பைப்பின் வாய் கீழே பார்க்கும்படி வளைந்திருக்க வேண்டும், உள்ளேயிருந்து வெளியே சற்று சரிந்திருக்க வேண்டும், வயர் போன பிறகு வாயை சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும். முடிந்தால் பைப் டிபிக்குள் மேலிருந்து நுழையாமல் கீழிருந்து நுழையட்டும்.

பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். பைப்புக்குப் பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எவ்வளவு தூரம் என்று தெரியும்படி எடுங்கள்.

வயர் இழுப்பது

இது இரண்டு பேர் வேலை. கீழே ஒருவர், மேலே ஒருவர். முதலில் வயர் இழுக்கும் ஸ்டீல் டேப்பை மேலிருந்து விட்டுக் கீழே எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றின் நுனியையும் ஒரே இடத்தில் கட்டினால் முடிச்சு குண்டாகி பெண்டில் மாட்டும். ஒவ்வொன்றையும் இரண்டு இன்ச் தள்ளித் தள்ளிக் கட்டி, மேலே இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள், எலி வால் மாதிரி கூம்பாக வர வேண்டும். வயரில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தடவுங்கள். எண்ணெயும் கிரீஸும் வேண்டாம், நாளடைவில் பிவிசியைக் கெடுக்கும்.

மேலே இருப்பவர் "இழுக்கட்டுமா?" என்று கேட்டு, கீழே இருப்பவர் "ம்" என்று சொல்லி வயரைக் கொடுத்தால் மட்டும் இழுக்க வேண்டும். கீழே இருப்பவர் தள்ளுவதும் மேலே இருப்பவர் இழுப்பதும் ஒரே மூச்சில் நடந்தால் வயர் தானாக ஏறும். சிக்கினால் பலம் காட்டாதீர்கள். அரை அடி பின்னால் விட்டு, கொஞ்சம் திருப்பி, மறுபடி இழுங்கள். வெறியோடு இழுத்ததில் பெண்டு ஓரத்தில் தோல் உரிந்த வயரை வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறேன், செம்பு பளபளவென்று தெரிந்தது. அது உள்ளேயே இருந்திருந்தால்?

மூன்றையும் ஒரே பைப்பில், ஒரே தடவையில் இழுங்கள். ஃபேஸ் ஒரு பைப்பில், நியூட்ரல் இன்னொன்றில் என்று பிரிக்கவே கூடாது. எர்த் வயரும் அதே 10 ஸ்கொயர். 16 ஸ்கொயர் வரை எர்த்தும் ஃபேஸும் ஒரே தடிமன் என்பது விதி, பச்சை வயரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். நடுவில் ஜாயின்ட் இல்லாத முழு நீள வயராக எடுங்கள். இரண்டு முனையிலும் ஒரு அடி மிச்சம் விடுங்கள்.

மாடிக்குள் போகும் சர்க்யூட்டுகளை நான் இப்படிப் பிரிப்பேன். விளக்கும் மின்விசிறியும் இரண்டு சர்க்யூட், 1.5 ஸ்கொயர், 10 ஆம்பியர் எம்சிபி. ஒன்று போனாலும் வீடு முழுக்க இருட்டாகாது. ஏசிக்கு ஆளுக்கொன்று, 4 ஸ்கொயர், 20 ஆம்பியர் சி வகை. கீசருக்குத் தனியாக 4 ஸ்கொயர், 16 அல்லது 20 ஆம்பியர். பவர் பிளக்குகளுக்கு 2.5 ஸ்கொயர், 16 ஆம்பியர். வாஷிங் மெஷினுக்கு அதே போல் தனியாக ஒன்று. மீதி இடம் காலி. இதில் ஒவ்வொன்றும் தன் ஃபேஸ், தன் நியூட்ரல், தன் எர்த்தோடு டிபி வரை வர வேண்டும். இரண்டு சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரல் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இரண்டு ஏசியின் கரன்ட்டும் அந்த ஒரு கறுப்பு வயரில் திரும்பும், அதைக் காக்க எந்த எம்சிபியும் இருக்காது.

பெட்டிக்குள்

வயரின் தோலை எம்சிபியின் வாய் ஆழத்துக்கு மட்டும் உரியுங்கள், செம்பு வெளியே தெரியக் கூடாது. பல இழை வயர் என்பதால் நுனியில் பின் லக் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோக முனை) போட்டு அழுத்துங்கள். இழைகளில் நாலைந்தை வெட்டிவிட்டு உள்ளே திணிக்கும் பழக்கம் இருக்கிறது, 4 ஸ்கொயருக்குக் காசு கொடுத்து 2.5 வாங்கின கதை அது. திருகை இறுக்குவதற்கு முன்னால் வயர் கவ்வும் தகட்டுக்கு உள்ளே போயிருக்கிறதா, பின்னால் நழுவியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இறுக்கியபின் ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பாருங்கள். ஒரு வாயில் இரண்டு வயர் வேண்டாம்.

சப் டிபியில் மாற்ற முடியாத ஒரு விதி: நியூட்ரல் லிங்க்கும் எர்த் லிங்க்கும் எந்த இடத்திலும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சேர்த்துவிட்டால் திரும்பும் கரன்ட்டில் ஒரு பங்கு பச்சை வயரில் ஓடும், கீழே உள்ள ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும். அதைவிட மோசம், என்றைக்காவது மெயின் நியூட்ரல் அறுந்தால் ஃப்ரிட்ஜ் கதவு, வாஷிங் மெஷின் உடம்பு, கீசர் குழாய் எல்லாவற்றிலும் கரன்ட் வந்து நிற்கும். பெட்டியின் இரும்பு உடம்புக்கும் கதவுக்கும் எர்த் கொடுங்கள். பயன்படாத ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். பல்லியும் எறும்பும் டிபிக்குள் குடும்பம் நடத்தும் ஊர் இது, எம்சிபிகளுக்குக் கரன்ட் கொடுக்கும் பட்டையான பஸ்பாரில் பல்லி விழுந்து மெயின் போனதை நான் ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

படிக்கட்டு லைட்டும் இன்வெர்ட்டரும்

ஆரம்பத்தில் சொன்ன அந்த அம்மா வீட்டில் நான் செய்தது பெரிய வேலை ஒன்றுமில்லை. படிக்கட்டு லைட்டின் கறுப்பு வயரை மாடி லிங்க்கிலிருந்து எடுத்து, கீழ் டிபிக்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். இரண்டு பக்கச் சுவிட்ச் என்றாலும் அந்த லைட்டுக்கு அப்பா அம்மா ஒரே வீட்டில் இருக்க வேண்டும். கீழ் வீட்டு லைட் என்றால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் கீழே. மேல் வீட்டு லைட் என்றால் இரண்டும் மேலே. மேலே உள்ள சுவிட்ச்சுக்குப் போகும் இரண்டு இணைப்பு வயரும் ஒரே பைப்பில் போய் வரட்டும்.

இன்வெர்ட்டரும் இதே தப்பைச் செய்ய வைக்கும். இன்வெர்ட்டர் கீழே இருக்கும், அதன் அவுட்புட் ஃபேஸ் மட்டும் மேலே ஏறி விளக்குகளுக்குப் போகும், நியூட்ரலை மாடி லிங்க்கில் சேர்ப்பார்கள். சுவிட்ச் போட்டதும் ஆர்சிசிபி விழும். அப்போது சிலர் செய்வதைச் சொல்லவே வருத்தமாக இருக்கிறது: ஆர்சிசிபியைச் சுற்றி ஒரு வயர் போட்டு அதைச் செயலிழக்கச் செய்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரருக்கு ஆர்சிசிபி கண்ணுக்குத் தெரியும், பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிக் குழந்தைகளோடு இருப்பார். இதற்குச் சரியான வழி, இன்வெர்ட்டர் லைனைத் தன் நியூட்ரலோடு ஜோடியாக மேலே கொண்டுவந்து, பெட்டியில் இரண்டாவது நியூட்ரல் லிங்க்கில் தனியாகச் சேர்ப்பது. அந்த லைனுக்கென்று தனி 30 மில்லியாம்ப் ஆர்சிபிஓ (ஆர்சிசிபியும் எம்சிபியும் ஒன்றாகச் சேர்ந்தது) வைத்துவிட்டால் விளக்குகளுக்கும் காவல் கிடைக்கும். இரண்டு லிங்க் உள்ள பெட்டி வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

கடைசியில் கீழே

மாடி வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் கீழ் முனையைத் தொட வேண்டும். மெயினை அணையுங்கள், இன்வெர்ட்டரையும் அணையுங்கள். மெயின் போன பிறகும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடு இருக்கும் என்பது மறந்துபோகிற விஷயம். வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, முடிந்தால் பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் வையுங்கள். பேனா மாதிரி டெஸ்டரை நம்ப வேண்டாம். மல்டிமீட்டரால் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் பாருங்கள். அதற்கு முன்பும் பின்பும் உயிருள்ள ஒரு இடத்தில் அந்த மீட்டரையே சரிபார்த்துக்கொள்ளுங்கள். மெயின் சுவிட்ச்சின் மேல் முனையில் மின்வாரிய மீட்டரிலிருந்து வரும் கரன்ட் எப்போதும் இருக்கும், அங்கே கை போகவே கூடாது. இந்த ஒரு மணி நேர வேலையை வயர்மேன்தான் செய்ய வேண்டும், வீட்டுக்காரர் அல்ல.

சோதனை

கரன்ட் விடுவதற்கு முன்னால் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். விளக்கு, ஏசி, ரெகுலேட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு எதிராக அளந்தால் 1 மெகா ஓமுக்குக் குறையாமல் வர வேண்டும். புது வயரில் அதைப்போல் பல மடங்கு வரும். ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தாலே எங்கோ ஈரமோ உரசலோ இருக்கிறது என்று தேடுங்கள்.

அடுத்த சோதனையை யாரும் செய்வதில்லை, நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதைத்தான். ஒவ்வொரு சர்க்யூட்டின் கறுப்பு வயரையும் லிங்க்கிலிருந்து கழற்றி வைத்து, அதற்கும் மற்றக் கறுப்பு வயர்களுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். எதிலும் பீப் வரக் கூடாது. வந்தால் எங்கோ ஒரு சுவிட்ச் பாக்ஸுக்குள் இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல் முறுக்கிக் கிடக்கிறது. பூச்சு காய்வதற்கு முன் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம் மாடியில் எல்லாவற்றையும் அணைத்து வைத்து, கீழ் எம்சிபியை மட்டும் போடுங்கள். மாடி ஆர்சிசிபியின் உள்வரும் முனையில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 பக்கம், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட் காட்ட வேண்டும். ஃபேஸ்–எர்த் குறைவாகக் காட்டினால் எர்த் சேரவில்லை, மேலே போகாதீர்கள். ஆர்சிசிபியைப் போட்டு டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள், விழ வேண்டும். பிறகு ஒவ்வொரு எம்சிபியாகப் போடுங்கள். எல்லாம் ஓடும்போது ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து ஒரே கிளாம்ப் மீட்டருக்குள் (வயரைச் சுற்றிக் கவ்வி கரன்ட்டை அளக்கும் கருவி) விட்டால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். போனது அத்தனையும் அதே வழியில் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

ஏசி இரண்டையும் கீசரையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பெட்டி மூடியைப் போட்டபடியே எம்சிபி முகப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, ஒன்று மட்டும் சுடுகிறதென்றால் உள்ளே திருகு இறுகவில்லை.

கதவின் உள்பக்கம் எந்த எம்சிபி எந்த அறைக்கு என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். மாடியில் பாட்டி தனியாக இருக்கும்போது கீசரில் புகை வந்தால் அவர் படித்து அணைக்கும்படி இருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்துவிட்டு எல்லாத் திருகையும் மறுபடி ஒரு தடவை இறுக்குங்கள், செம்பு அழுந்தி உட்கார்ந்ததில் கால் சுற்றாவது ஏறும். டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை, கேஸ் சிலிண்டர் மாற்றும் நாளோடு சேர்த்து அமுக்கிவிடுங்கள்.

அந்த அம்மா வீட்டில் வேலை முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது லைட்டைப் போட்டுப் பார்த்தேன். ஆர்சிசிபி விழாமல் நின்றது. மேலே இருந்து அவர் மறுபடி அணைத்தார், மறுபடி போட்டார். அப்படியே நான்கைந்து தடவை.

"நிக்குதுப்பா" என்றார்.

அந்தப் பெட்டியில் எழுதி ஒட்டிய தாள் இன்னும் அப்படியே இருக்கிறது: 'படிக்கட்டு லைட் – கீழ் வீடு'.